அந்தோனியாரின் பித்தளை எஞ்சின்

என் மனைவியின் அண்ணன் சிவராமன் கோயம்புத்தூரில் மூன்று படுக்கையறை வீட்டில் வசிக்கிறார். அதில் இரண்டு அறைகள் ரயில் எஞ்சின்களுக்கு. மூன்றாவது அறையில் அவரும் அவர் மனைவியும் வாடகைக்கு இருப்பவர்களைப் போல ஒதுங்கி வாழ்கிறார்கள். எஞ்சின்கள் எல்லாம் பித்தளையில் செய்த பழைய நீராவி மாதிரிகள். மிகப் பெரியது என் முழங்கை நீளம் இருக்கும். எதுவும் எங்கும் போவதில்லை.

நான் திருச்சியில், ரயில்வேயின் பண்டகசாலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நிஜமான நீராவி எஞ்சின்களைக் கழிவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எடைக்கு அனுப்பியவன். இரும்பு தனி, பித்தளை தனி. அதில் எனக்கு எந்த வருத்தமும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அப்படிப்பட்டவனைப் பிடித்து உட்கார வைத்துத்தான் சிவராமன் பித்தளையின் மகிமையைச் சொல்வார். "மாப்ளே, பெரிய எஞ்சின் நம்மள ஏத்திட்டுப் போயிடும். இது போகாது. பக்கத்துல கூப்பிட்டு உட்கார வெச்சுக்கும்." பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு மனைவி இருக்கிறார் என்பதை நான் நினைவுபடுத்தினால் கோபித்துக்கொள்வார்.

கொழும்பில் ஒரு கல்யாணம் இருந்தது. நான் போகப்போவது தெரிந்ததும் சிவராமன் ஒரு புகைப்படம் அனுப்பினார். இலங்கையின் கற்பிட்டிக் கடலில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு சறுக்க வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுத்து இணையத்தில் போட்டது. மாம்புரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அந்தோனியார் கோயில். மேசையில் வாழைக்குலை, சேவல், வெங்காயப் பிடி. நடுவே ஒரு பித்தளை எஞ்சின். "திருவிழாவில் ஏலம் விடப்படும் பொருட்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாம். தண்டவாளம் வேண்டாமாம். அடியில் சாராய விளக்கை ஏற்றினால் கம்பளத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே ஓடுமாம். தொலைபேசியில் சிவராமன் கெஞ்சினார். "என்ன விலையானாலும் எடுத்திடு மாப்ளே. கையுறை போட்டுக்கோ. யாரையும் துடைக்க விடாதே. அந்தக் கறுப்புப் படிவுதான் அதோட வயசு."

என் மனைவி முப்பது வருடமாகத் தலைக்குச் சாயம் பூசுவதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் முறைப்படி தயாரானேன். பழம்பொருட்களை வெளியே கொண்டுபோவதற்கான இலங்கை விதிகளைப் படித்தேன். எங்கள் ஊர்ச் சுங்க விதிகள் ஏற்கெனவே தெரியும். பருத்திக் கையுறை, காற்றுக்குமிழ் உறை, அளவு நாடா, பூதக்கண்ணாடி எல்லாம் பெட்டிக்குள் போயின. கல்யாணத்துக்கு வேட்டி எடுத்துவைக்க மறந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்ததும், கொழும்பில் இருந்து புத்தளம் வரை ரயிலில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பெட்டி தென்னந்தோப்புகளுக்குள் ஆடியாடிப் போனது. எங்கள் பாசஞ்சர் வண்டிகளிலும் ஆட்டம் உண்டு, ஆனால் அங்கே பயணி ஒரு பக்கமாகச் சாய்வார். இங்கே பக்கத்தில் இருந்தவரின் தேத்தண்ணி என் சட்டையிலும், என் தேத்தண்ணி எதிரில் இருந்தவரின் செருப்பிலும் இருந்தன. அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இன்னொருவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "பரவாயில்லையாம். செருப்பு மச்சானுடையதாம்."

புத்தளத்தில் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றது. காரணம் கழுதைகள். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கூட்டம், சாலையின் நடுவில், பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாக்களைப் போல நின்றது. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். அவை காதை மட்டும் அசைத்தன. பிறகு அவை நகர்ந்தன, பஸ் நகரவில்லை. ஒரு முச்சக்கர வண்டி வந்து என்னைப் பொறுக்கிக்கொண்டது.

வண்டிக்காரர் பெயர் ரிஸ்வி. கற்பிட்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். நான் போகும் இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"கோயில் ஏலத்துக்கா சேர்? இந்தியாவுல ஈந்து?"

"ஆமாம் தம்பி."

"என்னத்த எடுக்கப் போறீங்க?"

ஏலம் கேட்பவன் எதைக் கேட்கப்போகிறான் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. அது முதல் விதி. ஆனால் வழியெல்லாம் கடல்காற்று, பெரிய காற்றாலைகள், பேச ஆளில்லாத வெயில். சொல்லிவிட்டேன்.

ரிஸ்வி வண்டியை மெதுவாக்கினார். "சேர், அந்தச் சாமான்ட ஏலம் மத்த ஏலம் மாதிரி இல்ல. அதுல ஒரு விசயம் ஈக்கி..."

"தம்பி, நான் வாழ்க்கை முழுவதும் ஏலம் நடத்தியவன். வைப்புத்தொகை, அடிப்படை விலை, மூன்றுமுறை கூறல், ஒப்படைப்பு. எல்லா ஊரிலும் ஒன்றுதான்."

"ஓம், அது சரிதான், ஆனா..."

"பாதையைப் பாருங்கள், கழுதை."

உண்மையிலேயே ஒரு கழுதை வந்தது. பேச்சு அதோடு போயிற்று.

தங்கிய வீடு மெற்றில்டா என்கிற அம்மாளுடையது. கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. முன் அறையை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அவர்கள் காசு கொடுத்துப் பட்டத்தால் இழுக்கப்படுவதைப் பார்த்து இங்குள்ள மீனவர்கள் சிரித்துச் சிரித்து அலுத்துப்போனதாகச் சொன்னார். "எங்கட ஆக்களுக்குக் காத்தடிச்சா தொழில் இல்ல. அவையளுக்குக் காத்தடிச்சாத்தான் தொழில்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் என்கிற ரொட்டியும் கணவாய்க் கறியும் மிளகாயை இடித்துச் செய்த கட்டைச் சம்பலும். திருச்சியில் காரம் என்று நாங்கள் சொல்வது இங்கே குழந்தைக்கு ஊட்டுவது. நான் கண்ணீரோடு சாப்பிட்டேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைத்தார்.

சுவரில் ஒரு பையனின் படம். "மகன். நிரோஷன். இத்தாலிக்கு வெளிக்கிட்டவன்" என்றார். போய்ச் சேர்ந்தவன் என்று சொல்லவில்லை. முகவர் ஒருவர் விமானத்தில் ஏற்றி அனுப்பினாராம், மீதியைத் தரை வழியாக என்றாராம். கடைசியாகத் துருக்கியில் இருந்து பேசியிருக்கிறான், குளிருது அம்மா என்று. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. முகவரின் தொலைபேசியும் எடுக்கப்படுவதில்லை.

"எங்காவது புகார் கொடுத்தீர்களா? முறையாக..." என்று தொடங்கினேன்.

"குடுக்காத இடம் இல்ல ஐயா. எல்லா இடத்திலயும் எழுதி எடுத்தவங்க." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இந்த முறை ஏலத்தில நான் எடுக்கிறதெண்டு நிக்கிறன். ரெண்டு வருசமா விட்டிட்டன். இந்த முறை விடேலாது."

எதை என்று நான் கேட்கவில்லை. சேவலாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள், திருவிழாவுக்கு முந்திய நாள், பொருளைப் பரிசோதிக்கக் கோயிலுக்குப் போனேன். ஓலைப் பந்தலின் கீழ் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு, அந்த எஞ்சினைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்தார்கள் என்பது போதாது. பாவம் போகத் தேய்த்தார்கள். வருடாவருடம் இப்படித்தானாம். செய்தவனின் பெயர் இருந்த தகடு ஒரு வழுவழுப்பான பொட்டு ஆகிவிட்டது. கறுப்புப் படிவு ஒரு மயிரிழைகூட இல்லை. புதுப்பெண்ணின் கழுத்துச் சங்கிலி போல மின்னியது. சிவராமனுக்குப் படம் அனுப்பக் கை துறுதுறுத்தது. அவருக்கு ரத்தக் கொதிப்பு. விட்டுவிட்டேன்.

அதன் கதையை அண்ணாவியார் சொன்னார். கோயிலில் செபம் சொல்லி நடத்துகிறவர், வெள்ளைச் சட்டை, பெரிய குரல். ஒரு காலத்தில் தென்னந்தோட்டத்துத் துரை ஒருவரின் பிள்ளை விளையாடிய சாமானாம். துரை சீமைக்குப் போகும்போது சமையற்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். சமையற்காரனின் மகன் கப்பலில் போய்க் காணாமல் போக, அவன் திரும்பினால் இதைத் தருவதாக அந்தோனியாருக்கு நேர்ந்தானாம். மகன் திரும்பினான். சாமான் கோயிலுக்கு வந்தது. காணாமல் போனதைத் தேடித்தருகிறவர் அல்லவா அந்தோனியார்.

"அதுக்குப் பிறகு வருசா வருசம் ஏலத்தில..." என்று அவர் தொடர்ந்தார். எனக்கு அளவெடுக்கிற வேலை இருந்தது. மிச்சம் ஏலம்தானே, எனக்குத் தெரியும் என்று தலையாட்டிவிட்டுக் குனிந்தேன். சக்கரத்தில் ஆரங்களை எண்ணச் சொல்லியிருந்தார் சிவராமன்.

வெளியே வந்ததும் ரிஸ்வி மறுபடி ஆரம்பித்தார். "சேர், அண்ணாவியார் செல்லிட்டாரா?"

"எல்லாம் சொல்லிவிட்டார்."

"அப்ப சரி." அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இந்த முதிர்ந்த இந்தியருக்கு நல்ல மனசு என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

திருவிழாவன்று பூசை முடிந்ததும் பந்தலில் ஏலம். முந்தல் என்ற ஊரில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் காசைக் கட்டிச் சேவலை எடுத்து, உடனே கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். அண்ணாவியார் அதே சேவலை மறுபடி ஏலம் கூறினார். இன்னொருவர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். சேவலுக்கே சலித்துவிட்டது. எங்கள் இலாகாவில் ஒரே பொருளை இரண்டுமுறை விற்றால் விசாரணைக் குழு வரும். இங்கே கை தட்டுகிறார்கள். கருவாடு, வாழைக்குலை, வெங்காயம். பிறகு எஞ்சின்.

மெற்றில்டா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் எழுந்து நின்று முதல் ஏலத்தொகையைச் சொன்னார். அண்ணாவியார் உடனே "ஒருதரம்" என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. மெற்றில்டாவும் திரும்பினார். முதலில் நான் தவறிக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு கூட்டிக் கேட்டார். நானும் கூட்டினேன். எதிர் ஏலக்காரரின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது இரண்டாவது விதி. நான் எஞ்சினின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பின்னால் ரிஸ்வி, "சேர், சேர்" என்றார். கையால் அடக்கினேன். இன்னொரு தடவை மெற்றில்டா கூட்டினார். அடுத்த தடவை அவர் கூட்டாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மூண்டுதரம்" என்றார் அண்ணாவியார். அந்த மூன்றாவது தரத்தைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சரக்கு ரயில் கடந்து போயிருக்கும். யாரும் கை தட்டவில்லை. நான் பணத்தைக் கொடுத்து ரசீது கேட்டேன். கொடுத்தார்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. எஞ்சினை ஒரு மரக்கட்டையின் மேல் ஏற்றி வைத்தார், சக்கரம் மேசையில் படாமல். கொதிகலத்தில் மழைத்தண்ணீர் ஊற்றினார். இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, அது குழாயை அடைத்துவிடும் என்றார். அந்தோனியார் முன் எரிந்த மெழுகுதிரியை என் கையில் கொடுத்து, "நீங்கதான் பத்தவைக்கோணும்" என்றார். ஒப்படைப்புக்கு முன் பொருளை இயக்கிக் காட்டுதல். இவ்வளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு விளக்கை ஏற்றினேன்.

நீலச் சுடர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே யாரோ முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம். சூடான பித்தளை, எண்ணெய், சாராயம் எல்லாம் கலந்த வாசனை. புகைபோக்கியில் ஒரு துளி தண்ணீர் எட்டிப் பார்த்து உட்கார்ந்தது. ஒரு சிறு தண்டு அசைந்தது, தயங்கியது, மறுபடி அசைந்தது, சக்கரம் காற்றில் சுழல ஆரம்பித்தது. நான் எப்போது குனிந்தேன் என்று தெரியவில்லை. என் மூக்கு எஞ்சினுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து கழுத்தைச் சரிசெய்துகொண்டேன். சிவராமன் இதைப் பார்க்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

"பேரைச் சொல்லுங்கோ ஐயா" என்றார் அண்ணாவியார்.

வாங்குபவர் பெயர். "சிவராமன்."

"எங்க போயிருக்கிறார்?"

"எங்கும் போகவில்லை. கோயம்புத்தூரில் வீட்டில் இருக்கிறார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் மெழுகுதிரியை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் காற்றுக்குமிழ் உறையை எடுத்துப் பிரித்தேன்.

"அதென்ன?"

"பொதிகட்ட. ஆறியதும் கொண்டுபோக."

ஒரு கிழவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. ரிஸ்வி முன்னால் வந்து என் காதருகே மொழிபெயர்த்தார்: "உங்கட நாட்டுல அந்தோனியார் இல்லையாண்டு கேக்குறார்." பிறகு விஷயத்தைச் சொன்னார். "நான் செல்ல வந்தன் சேர். முதல் நாளும் வந்தன், இப்பவும் வந்தன். அதை ஒருத்தரும் கொண்டு போறல்ல. ஒரு வருசம் வீட்டுல வெச்சிட்டு அடுத்த திருவிழாவுக்குக் கொண்டாந்து குடுக்கிற. பயணம் போய் வழியில ஈக்கிற ஆளின்ட பேரைச் செல்லித்தான் விசில அடிக்கிற. அவங்க வந்து சேரட்டும் எண்டு. நானே உம்மா ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள இவங்களுக்கிட்டச் செல்லி அடிச்ச."

எஞ்சின் இப்போது சீறியது. மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தது. "கெதியாச் சொல்லுங்கோ" என்றார் அண்ணாவியார். "தண்ணி வத்தினா கலம் வெடிச்சிரும். விசில் இல்லாம அணைச்சா இந்த வருசத்துக்கு அவ்வளவுதான்."

எனக்கு வழியில் இருப்பவர் யாருமில்லை. என் மகன் பெங்களூரில் இருக்கிறான், வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. நான் மெற்றில்டாவைப் பார்த்தேன். "அம்மா, உங்கள் மகன் பெயரைச் சொல்லுங்கள்."

அவர் நகரவில்லை. "ஏலத்தில தோத்தனான். காசு உங்கட, பேரும் உங்கட ஆளின்ட பேராத்தான் இருக்கோணும். என்ர பிள்ளைக்குப் பிச்சை விசில் வேணாம்."

"அட மெற்றில்டா, வீம்பு பண்ணாத!" என்று ஒரு பெண் கத்தினார்.

"நீ பேசாம இரு. உன்ர புருசன் கடைத்தெருவிலதானே நிக்கிறான்!"

நான் அண்ணாவியாரிடம் திரும்பினேன். "சேவலைத் திருப்பிக் கொடுத்தார்களே, மறுபடி கூறினீர்களே. அந்த முறை எஞ்சினுக்கு உண்டா?"

"இதை ஒருத்தரும் அண்டைக்கே திருப்பிக் குடுத்ததில்ல."

"கொடுக்கக்கூடாது என்று இருக்கிறதா?"

அவர் யோசித்தார். எஞ்சின் யோசிக்கவில்லை, சீறிக்கொண்டே இருந்தது. "இல்ல. அப்பிடி ஒண்டும் இல்ல."

"தடை இல்லாதது அனுமதி. திருப்பிக் கொடுக்கிறேன். கூறுங்கள்."

இலாகாவில் முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். அதற்கு எதிர்வாக்கியத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அண்ணாவியார் அவ்வளவு வேகமாக ஏலம் கூறி நான் கேட்டதில்லை. மெற்றில்டா தான் முதலில் சொன்ன அதே தொகைக்குக் கேட்டார். இறால் பண்ணைக்காரர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். அவர் மனைவி அவருடைய தொடையில் ஏதோ செய்தார். வாய் மூடியது. ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன.

மெற்றில்டா வந்து என் கையில் இருந்த மெழுகுதிரியை வாங்கி, அந்தோனியார் முன் வைத்தார். விசிலின் சின்னச் சங்கிலியைப் பிடித்தார்.

"நிரோஷன்" என்றார். அதட்டிக் கூப்பிடுகிற குரலில், சாப்பாடு ஆறுகிறது வா என்பது போல.

இழுத்தார். நிஜ எஞ்சினின் விசிலைக் கேட்டவன் நான். இது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கோழிக்குஞ்சை மிதித்தால் வருகிற சத்தம். ஆனால் ஆவி தீரும் வரை அவர் சங்கிலியை விடவில்லை. சத்தம் மெலிந்து, வெறும் மூச்சாகி, நிற்கும் வரை பந்தலில் ஒருவரும் இருமவில்லை. விளக்கை அண்ணாவியார் அணைத்தார். மேசையில் ஒரு சின்னக் குட்டை தண்ணீர் சொட்டியிருந்தது.

புறப்படும் நாள் காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார் மெற்றில்டா. சம்பல் வைக்கவில்லை. அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை அலுமாரியின் மேல் மகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இணையப் பெட்டிக்குப் பக்கத்தில், அதன் கொம்புகளை ஒட்டி நின்றது. "அங்கதான் சிக்னல் நல்லா இருக்கு" என்றார். கைத்தொலைபேசியும் அங்கேயே இருந்தது, திரை மேல்நோக்கி.

ரிஸ்வியின் வண்டியில் ஏறிய பிறகு சிவராமன் அழைத்தார்.

"மாப்ளே, கெடச்சுதா?"

"கிடைத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பணத்தில் அந்தோனியாருக்குக் கூரை மாற்றுகிறார்கள். ரசீது இருக்கிறது."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது. அவருடைய எஞ்சின்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். "ஏன்?" என்றார் கடைசியில். "போலியா?"

"அசல்தான். ஆனால் பணியில் இருக்கிறது. பணியில் இருக்கும் எஞ்சினை விற்க விதியில் இடமில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை."

"பணியிலா? அந்தச் சாமானா?" அவர் குரலில் கோபம் குறைந்து வேறு ஏதோ வந்தது. பொறாமையாக இருக்கலாம். "எந்த லைன்ல ஓடுது?"

"மாம்புரி, துருக்கி, இத்தாலி."

"நேரத்துக்குப் போகுதா?"

ரிஸ்வி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முன்னால் கழுதைகள் நின்றன.

"தாமதம்" என்றேன். "இன்னும் வந்து சேரவில்லை."